பார்த்தது கம்பியில், கேட்டது டப்பாவில்

குளத்தூர் பின்னால் போய்விட்டது. நான் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். பதினொரு மணி வெயில். தோள்பையில் இரண்டு கைலி, ஒரு போர்வை, போன் சார்ஜர். சட்டைப் பையில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று நான்காக மடித்து இருந்தது. அதன் நடுவில் கம்பி குத்திய ஓட்டை. பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு பொய்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன். போர்வெல் லாரியோடு ஆந்திரா வரை போனேன். செங்கல் சூளையில் இரண்டு வெயில்காலம் கழிந்தது. எந்த இடத்திலும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. பையை எடுப்பேன், போய்விடுவேன். இந்த ஒரு இடத்தில்தான் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அந்த அக்கா "சரி" என்றார். பிறகு அந்தத் தாளைக் கொடுத்தார்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'என்கொயரி'.

நான் அதற்கு முன்பு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சீமைக்கருவை வெட்டிக் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்ட வேண்டிய மரம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது. கரி ஏற்ற வந்த மினி லாரி டிரைவர், குளத்தூருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் ஆடு மேய்க்க ஆள் தேடுகிறார்கள் என்றார். தை மாதக் கடைசியில் அங்கே போய் நின்றேன்.

பட்டி வாசலில் ஒரு அம்மாள் ஆட்டின் குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"எங்கேர்ந்து வர்ற?"

"வல்லத்திராக்கோட்டைங்க."

"அங்கிட்டு ஆடு மாடெல்லாம் எப்படி இருக்கு? சீக்கு எதுவும் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கு."

"பாத்தியா?"

"சொல்லிக்கிட்டாங்க."

"கரி மூட்டம் போட்டவன் கரியத்தான் பாத்திருப்ப. ஆட்டப் பாக்கலன்னு சொல்லு. அப்படிச் சொன்னா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்ட."

அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலை கேட்டு வந்தவனிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். ஆனால் சோறு போட்டார், படுக்க இடம் காட்டினார். இருந்துவிட்டேன்.

பட்டியில் அறுபத்திரண்டு வெள்ளாடு. அதில் பாதிக்கு மேல் அவருடையதில்லை. வாரத்துக்கு வாங்கியவை. ஊரில் ஒருவர் ஒரு பெட்டை ஆட்டைக் கொடுப்பார். இவர் வளர்ப்பார். போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. தாய் ஆடு என்றைக்கும் கொடுத்தவருடையது. கொத்தனார் வீடு, சத்துணவு ஆயா, பஞ்சர் கடைக்காரர் என்று பத்துப் பதினைந்து வீட்டு ஆடுகள் அவர் கையில் இருந்தன. நம் ஆடு செத்தால் நம் பாடு, அடுத்தவர் ஆடு செத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்பார்.

பட்டியை ஒட்டிய கொட்டகையில் ஒரு காலண்டர் தொங்கும். காலையில் தாளைக் கிழித்ததும் அவர் அதைத் தூக்கிப் போடமாட்டார். பின்பக்கத்தில் அன்று பார்த்ததை எழுதுவார். 'கருப்பு மறியாடு, இடது பின்னங்கால் நொண்டல், முள், எடுத்தாச்சு.' 'சத்துணவு வீட்டு ஆடு கழிச்சல், ரத்தம் இல்லை.' எழுதியதை, பலசரக்குக் கடையில் பில் குத்துகிற மாதிரி ஒரு கொக்கிக் கம்பியில் குத்துவார். கம்பி மேற்குச் சுவர் ஆணியில் தொங்கும். கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. யாராவது வந்து, அங்கே இந்த நோய், இங்கே அந்தப் பூச்சி என்று சொன்னால் அதையும் எழுதுவார். ஆனால் கம்பியில் குத்தமாட்டார். டப்பாவில் போடுவார். பார்த்தது கம்பிக்கு, கேட்டது டப்பாவுக்கு.

அமாவாசைக்கு அமாவாசை டப்பாவைத் தரையில் கவிழ்ப்பார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் போன் போடுவார். நீங்கள் சொன்னீர்களே, உங்களுக்கு யார் சொன்னது? அவர் நம்பர் கொடுங்கள். அவருக்கு யார் சொன்னது? பார்த்த ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தத் தாள் கம்பிக்கு ஏறும். நடுவில் அறுந்தால் அடுப்புக்குப் போகும். மாதத்தில் பாதித் தாள் அடுப்புக்குத்தான் போகும்.

"கோவம் வராதா அவங்களுக்கு?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வரும். சீக்கு வர்றதுக்கு இது தேவலாம்."

ஒரு நாள் ரோட்டோர டீக்கடையில் சீமைக்கருவையைப் பற்றிப் பேச்சு. ரிட்டயர்டான கண்டக்டர் ஒருவர் ரொம்ப விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுக்காரன் பிளேன்ல வந்து வெதையத் தூவிட்டுப் போயிட்டான்ங்க. நம்ம மண்ணு பாழாப் போகணும்னே செஞ்ச வேல."

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பிளேனப் பாத்தது யாருண்ணே?"

"எங்க அப்பா காலத்துல."

"அப்பா பாத்தேன்னு ஒங்ககிட்ட சொன்னாரா?"

"அவரு தனியா வேற சொல்லணுமாக்கும். அப்ப எல்லாருமே பாத்தாங்க."

"எல்லாரும்னா ஒருத்தரும் இல்லண்ணே. ஒரு பேரு சொல்லுங்க. நான் போயிக் கேக்குறேன்."

"இருவது வருஷம் டிக்கெட் கேட்டவன் நான். என்கிட்டயே டிக்கெட் கேக்குறா பாருங்க" என்றார் கண்டக்டர். கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, 'கருவை, பிளேன், கண்டக்டர் அண்ணன் சொன்னது' என்று எழுதி டப்பாவில் போட்டார். நான் கிளம்புகிற வரை அது டப்பாவில்தான் கிடந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் எடுப்பார், பார்ப்பார், திரும்பப் போடுவார். அதை மட்டும் ஏன் எரிக்கவில்லை என்று தெரியவில்லை. கண்டக்டர் மேல் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கலாம்.

இன்னொரு தடவை, பக்கத்துத் தோப்பில் தென்னை ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துவிட்டது. புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள், அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தன. செல்போன் டவர் வந்ததால்தான் என்று ஊரே சொன்னது. மருந்துக்கடைக்காரர் ஒரு விஷ மருந்தை எடுத்து வைத்துவிட்டார். தோப்புக்காரர் ஸ்பிரேயரோடு நின்றபோது அக்கா போனார். ஒரு ஓலையை இழுத்துத் திருப்பினார். போன் லைட்டை அடித்தார். அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக வெள்ளை மாவு. அதற்குள் பொடிப்பொடியாக ஈ.

"கறுப்பு ஓலைக்கு மேல இருக்கு. வெள்ள அடியில இருக்கு. டவரு அடியிலேர்ந்தாண்ணே பாயுது?"

ஓலையைப் பாலிதீன் பையில் போட்டு, ஈ வெளியே போகாமல் முடிச்சுப் போட்டு, வேளாண்மை ஆபீசுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஆபீசரைத் தோப்புக்கே கூட்டிவந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த சுருள் வெள்ளை ஈ என்றார் அவர். அது விடுகிற தேன் மாதிரித் தண்ணி கீழ் ஓலையில் சொட்டி, அதில்தான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கிறது. விஷ மருந்து அடித்தால் இந்த ஈயைக் கொல்லும் சின்னக் குளவியும் செத்துவிடும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டுங்கள் என்றார். தோப்புக்காரர் ஸ்பிரேயரைக் கழுவி வைத்தார். மருந்துக்கடைக்காரர் அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மாடுகள் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகச் செத்துக் கிடக்கின்றன. 'நம்ம பக்கத்து ஊர்' என்று கீழே போட்டிருந்தது. பஞ்சர் கடைக்காரர் பதறிக்கொண்டு வந்து காட்டினார். அக்கா படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார். "பின்னாடி போர்டு தெரியுது பாருங்க. அது தமிழாண்ணே?" இல்லை. எந்த எழுத்து என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "பக்கத்து ஊருல எப்பண்ணே இந்த பாஷை பேச ஆரம்பிச்சாங்க?" என்றார். அதோடு விடவில்லை. நோய் இருப்பது நிஜம், ஊர்தான் பொய் என்று சொல்லி, மறுநாளே மாடு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஊசி போட டாக்டரை வரவழைத்தார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "ஒரு மாடு போச்சு" என்றார். மற்றதைப் பஞ்சர் கடைக்காரர் சொன்னார். ஊசி போட்டால் சினை கலைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வருஷம் ஊசி போடாமல் விட்டாராம். சினை மாடு நோயில் போய்விட்டது. யார் சொன்னது என்று பிறகு தேடிப் பார்த்தாராம். எட்டு வீடு ஏறியும் சொன்ன ஆள் கிடைக்கவில்லையாம்.

என் கதைக்கு வருகிறேன்.

மாசியில் கருவையின் முற்றிய காய், நெற்று, உதிர ஆரம்பித்தது. மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். ஆடு அதற்கு அலையும். "ஆட்டுக்கு ரெண்டு கை போடு. மத்ததெல்லாம் மேச்சல், எலை தழை. நெத்த மட்டும் போட்டுட்டுப் படுத்துராத" என்றார். முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். பிறகு கண்மாய் வற்றியது. பச்சை தேடி மூன்று மைல் நடக்க வேண்டியிருந்தது. அக்கா பத்து மணிக்கு எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குப் போய்விடுவார். நான் ஆடுகளைக் கண்மாயின் அந்தக் கரை வரை ஓட்டிப்போய்க் கருவை நிழலில் படுக்கப்போட்டேன். நானும் படுத்தேன். நெற்றைக் கூட்டி அள்ளி மூட்டையாகக் கட்டி வைத்து, காலையும் மாலையும் அதையே கொட்டினேன். ஆடுகள் வயிறு நிறைய வந்தன. "மேச்சல் போச்சா?" என்பார். "போச்சுக்கா" என்பேன்.

ஊரில் ஒருவர் விடாமல் கேள்வி கேட்டவர் என்னிடம் மட்டும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பட்டியைப் பொறுத்தவரை நான்தான் அவருடைய கண். கண்ணையே சந்தேகப்பட அவருக்குத் தெரியவில்லை.

வைகாசிப் பிறப்பில் மணப்பாறைப் பக்கம் அவருடைய மூத்த அக்கா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன ஐந்தாம் நாள் ஒரு செவலை ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அசை போட்டது. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. தின்ற தீனி பாதி கீழே விழுந்தது. மறுநாள் இன்னும் நான்கு.

ஆட்டு வியாபாரி ஒருவர் வழியில் நின்று பார்த்தார். "கோமாரிய்யா. வடக்க நெறைய ஊர்ல இருக்காம்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. கோமாரி என்றால் வாயிலும் குளம்பிலும் புண் போடும் தொற்று, காற்றில் வந்தது, அடுத்த ஊரிலிருந்து வந்தது. என்னால் வந்ததில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வாயத் தொறந்து பாத்தியா?"

திறக்கவில்லை. "பாத்தேன்க்கா."

"புண்ணு இருக்கா?"

"இருக்குக்கா. நாக்குல."

"கொளம்புல?"

"அதுலயும் இருக்குக்கா."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ அழுதார்கள். "சரி. தாள்ல எழுதிக் கம்பில குத்து. ஒரு ஆடும் பட்டிய விட்டு வெளிய போகக் கூடாது. கண்மாய்த் தண்ணிக்கும் விடாத. நான் மத்தவங்களுக்குச் சொல்லிர்றேன்" என்றார்.

எழுதினேன். 'ஐந்து ஆடு. நாக்கில் புண், குளம்பில் புண். பார்த்தது.' குத்தினேன்.

அவர் அங்கிருந்தபடியே ஆடு வைத்திருந்த பதினோரு பேருக்குப் போன் போட்டிருக்கிறார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் யோசித்திருப்பார்கள். என்கொயரியே 'பாத்தாச்சு' என்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கொத்தனார் மனைவி ஓடிவந்து, வாரத்துக்கு விட்டிருந்த தன் இரண்டு ஆட்டையும் பிடித்துக்கொண்டு போய் அந்த வியாபாரியிடமே அறுப்புக்குக் கொடுத்துவிட்டார். இரண்டும் நோயில்லாத ஆடு. ஒன்று சினை. நான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன்.

அக்கா காரியத்துக்கு நிற்கவில்லை. மறுநாள் மத்தியானமே வந்துவிட்டார். பையைக் கூட இறக்கி வைக்காமல் செவலையைக் காலிடுக்கில் பிடித்து வாயைத் திறந்தார். நாக்கை இழுத்தார். லைட் அடித்தார். அடுத்த ஆடு. அடுத்தது. பிறகு இருபது குளம்பு. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் பைக்கில் வந்தார். அவரும் எல்லா வாயையும் பார்த்தார்.

"கோமாரி இல்லம்மா. புண்ணே இல்ல. தாடையத் தொட்டுப் பாருங்க, சத வத்தியிருக்கு. என்ன தீனி போடுறீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "சொல்லு."

சொன்னேன்.

"எத்தன நாளா?"

"மாசிலேர்ந்துங்க."

டாக்டர் மூட்டைகளைப் பார்த்தார். "கருவை நெத்த மாசக்கணக்குல அத மட்டுமே தின்னா இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். நரம்பப் பாதிக்கும். வாய் கோணும்."

"படிச்சதா சார், பாத்ததா?"

"என்னம்மா, என்னையுமா?" டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். அது மாட்டுல."

"அப்ப அப்படியே எழுதிக்கிறேன் சார். ஆட்டுல படிச்சது, மாட்டுல பாத்தது."

"எழுதுங்க. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புறேன். கோமாரி இல்லன்னு அவங்களும் சொல்லட்டும்."

சில நாளில் லேபும் இல்லை என்று சொன்னது.

டாக்டர் வந்துபோன மறுநாளே என்னை எக்ஸெல்லில் பின்னால் உட்காரச் சொன்னார். பதினோரு இடத்துக்கும் போனோம். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று சொன்னார்: "கோமாரின்னு சொன்னேன்ல, அது தப்பு. நான் பாக்கல. பாக்காததப் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

மூன்றாவது வீட்டுக்காரர் வாயில் பல்குச்சியோடு வந்தார். "ஏம்மா என்கொயரி, இனிமே ஒனக்குத்தான் என்கொயரி வைக்கணும் போலருக்கு?"

"வைங்கண்ணே."

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இந்த இடத்தில் என்னைக் காட்டுவார், அடுத்த இடத்தில் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதினோரு இடத்திலும் 'நான்' என்றே சொன்னார். யாராவது என்னைக் காட்டி ஒரு அறை விட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

கொத்தனார் வீட்டுக்கு, தன் சொந்த ஆட்டில் நல்ல பெட்டையாக இரண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். அந்தப் பெண் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆடு போன பெறகு எதுக்குக்கா நெசத்தத் தூக்கிட்டு வர்றீங்க?"

அக்கா ஆடுகளை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத் திரும்பினார்.

ஐந்தில் இரண்டு ஆடு தேறியது. செவலை செத்தது. மற்ற இரண்டும் கோணிய வாயோடு அப்படியே இருந்தன. நான் இன்னும் சில நாள் இருந்தேன். மூன்று மைல் நடந்து மேய்த்தேன். அவர் திட்டவில்லை. ஆனால் சாயங்காலம் பட்டிக்கு வந்து, எல்லா ஆட்டையும் தானே ஒரு தடவை பார்ப்பார். 'மேச்சல் போச்சா' என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு காலையில், போகிறேன் என்றேன்.

"சரி" என்றார். கொட்டகைக்குள் போய்க் கம்பியை இறக்கினார். மேலே இருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவி வரிசை கலையாமல் தரையில் வைத்தார். என் தாள் வந்ததும் தனியே எடுத்தார். மற்றவற்றை அதே ஓட்டையில் திரும்பக் குத்தினார்.

"இது பாத்ததில்ல, கம்பில இருக்கக் கூடாது. டப்பாலயும் போட முடியாது. கேட்டதும் இல்ல இது. எரிக்கவும் மனசு வரல. நீயே வச்சுக்க."

அதைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் ஒரு ஜல்லி லாரி ஏற்றிக்கொண்டது. கொடும்பாளூரில் இறக்கிவிட்டது. மூவர் கோயில் பக்கமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழ ஒரு டீக்கடைக்கு வந்தேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டுருந்து?"

"குளத்தூர்ப் பக்கம்ங்க."

கிளாஸை என் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தார். "அங்கிட்டு கோமாரில நாப்பது ஆடு செத்துப்போச்சாமே."

"யாரு சொன்னாங்க?" என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"வியாபாரி. சும்மா சொல்லலய்யா. பாத்தவன் சொல்லியிருக்கான். ஒருத்தன் வாயத் தொறந்து நாக்குப் புண்ணப் பாத்திருக்கான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. கோமாரி என்ற சொல் எனக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கோமாரி இல்லை என்பது இன்னும் அக்காவின் எக்ஸெல் போன தூரத்தைத் தாண்டவில்லை.

"நானும் பதினேழு ஆடு வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். "பத்து நாளா வெளிய விடல. அடச்சுப் போட்டிருக்கேன். மேயப்போயி நோய வாங்கிட்டு வந்துச்சுன்னா?"

"தீனி?"

"நெத்துதான். கண்மாய்ல கூட்டி அள்ளி இருவது மூட்ட கட்டிப் போட்டிருக்கேன். நோய் அடங்குற வரைக்கும் தாங்கும்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பை தோளில்தான் இருந்தது. நான் தாளை எடுத்துப் பெஞ்சில் விரித்தேன்.

"அந்த ஆளு நான்தாங்க. நான் வாயத் தொறக்கவே இல்ல. அது கோமாரி இல்ல. நெத்து மட்டும் போட்டதால வந்தது. நான்தான் போட்டேன்."

கடைக்காரர் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். "லூசாய்யா நீ?"

பெஞ்சின் கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "பாத்தேன்னவனும் இவன்தான், பாக்கலங்கிறவனும் இவன்தான். இதுல எதய்யா நம்புறது?"

நியாயமான கேள்வி. "ரெண்டையும் நம்ப வேணாம்ங்க. டாக்டரக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒங்க ஆட்டு வாயத் தொறந்து பாப்போம். நீங்களும் கூட நில்லுங்க" என்றேன்.

"காலையில வா" என்றார் கடைக்காரர். டீக்குக் காசு வாங்கவில்லை. மரியாதையா, தொலைந்தால் போதும் என்றா, தெரியவில்லை.

காலையில் போனேன். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பதினேழு ஆடும் முட்டிக்கொண்டு நின்றன. சுவரை ஒட்டி மூட்டைகள். முதல் ஆட்டைக் காலிடுக்கில் பிடித்தேன். பல்லில்லாத இடம் பார்த்துக் கட்டைவிரலை விட்டு வாயைத் திறந்தேன். நாக்கை இழுத்தேன். கடைக்காரர் போன் லைட்டை அடித்தார். நாக்கு சுத்தமாக இருந்தது. நெற்றுச் சக்கை மட்டும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. இரண்டாவது ஆடு கடித்தது. ரத்தம் வந்தது. கைலியில் துடைத்துக்கொண்டேன். பதினேழையும் பார்த்தோம். குளம்பையும் பார்த்தோம். ஒன்றிலும் புண் இல்லை.

"அப்ப எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு."

"புண்ணு இல்லைங்க. அந்தக் கெழட்டு ஆடு மட்டும் தலையச் சாய்ச்சு அசை போடுதா, எப்பவும் அப்படித்தானான்னு தெரியல."

"என்னய்யா, இவ்வளவு பாத்துட்டுத் தெரியலங்கிற?"

"தெரியலைங்க. சாயங்காலம் மறுபடியும் பாக்கணும். டாக்டரும் பாக்கணும்."

அவர் கடிபட்ட என் விரலைப் பார்த்தார். பிறகு மூட்டைகளைக் காட்டினார். "அப்ப இது?"

"ஆட்டுக்கு ரெண்டு கை. அதுக்கு மேல வேணாம்."

"மேச்சலுக்கு யாரு போறது? நான் கடையப் பாக்குறதா, ஆட்டப் பாக்குறதா?"

மூலையில் தழை இழுக்கிற தொரட்டி ஒன்று சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டேன். கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டதும் ஆடுகள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றன. கண்மாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் நல்ல பச்சை இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாக்கலய்யா. சொல்லிக்கிட்டாங்க."

போய்ப் பார்க்க, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.